பஸ் பயணத்துக்கு ஒரு தனி மியூசிக் பிளேயர்: புதிதாக வாங்குகிறவர்களுக்கு

போனில் எல்லாப் பாட்டும் இருக்கும்போது இன்னொரு சாமான் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள், கடையில் கேட்டார்கள், ஏன், பொக்கெட்டில் பிளேயரைக் கண்ட த்ரீவீல்காரர்கூட ஒருநாள் கேட்டார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, எனக்கு அதற்கு விடை கிடைத்தது அப்போதுதான். போனில் மிஞ்சியிருந்த சார்ஜை அவசர அழைப்புக்கென்று பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு காஸ் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அலுமாரி லாச்சிக்குள் கிடந்த, தீப்பெட்டி அளவான பழைய எம்பி3 பிளேயர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன். ஒருமுறை சார்ஜ் பண்ணினால் இரண்டு மூன்று நாள் வரிசைக்குத் தாங்கியது. கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகும் அது லாச்சிக்குத் திரும்பிப் போகவில்லை.

இதை எழுதுவது வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும், மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போய் வருகிறவர்களுக்கும். ஒலித் தரத்தில் ஊறியவர்கள் கோபிக்கக் கூடாது. காலி வீதி பஸ்ஸில் எஞ்சின் இரைச்சல், ஹோன், நடத்துனரின் குரல், போதாக்குறைக்கு டிரைவரின் தலைக்கு மேல் ஸ்பீக்கர் என்று நான்கு பக்கமும் சத்தம். அதற்குள் விலை கூடிய பிளேயரின் நுணுக்கமெல்லாம் முக்கால்வாசி கரைந்துபோகும். பயணத்துக்கென்று வாங்கினால் நான் பார்ப்பது பட்டன், பற்றரி, காதில் சரியாகப் பொருந்தும் ரப்பர், முந்தின இரவே அடுக்கி வைத்த பாட்டு, இவ்வளவுதான்.

கடைக்குப் போக முதல்

முதலில் காசு செலவழிக்காதீர்கள். வீட்டில் பழைய அண்ட்ரொய்ட் போன் ஒன்று சும்மா கிடக்கும். அதிலிருந்து சிம்மைக் கழற்றி, ஏரோபிளேன் மோடில் போட்டு, விஎல்சி மாதிரி ஒரு இலவச பிளேயர் செயலியை நிறுவி, நூறு பாட்டை ஏற்றி இரண்டு வாரம் கொண்டு திரியுங்கள். இரண்டு சாமானைச் சுமப்பது எரிச்சலாக இருக்கிறதா, அல்லது பாட்டுக்கு நடுவே செய்தி வந்து குறுக்கிடாதது நிம்மதியாக இருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். எரிச்சல் என்றால் இந்தக் கட்டுரையை இதோடு மூடிவிடலாம், மிச்சக் காசுக்கு நல்ல இயர்போன் வாங்குங்கள்.

நிம்மதி என்றால் அடுத்தது, எந்த வகை என்பது. சின்னத் திரையும் பட்டன்களும் உள்ள மலிவான பிளேயர் ஒன்று. மெமரி கார்ட் போடக்கூடிய, ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய, எம்பி3ஐவிடப் பெரிய கோப்பு) பாடுகிற நடுத்தர வகை இன்னொன்று. மூன்றாவது சோனி வோக்மன் என்டபிள்யூ-ஏ306 போல அண்ட்ரொய்டில் ஓடுகிற பெரிய வகை. இதில் கடைசி வகையில் மட்டும்தான் ஸ்பொட்டிஃபை போன்ற செயலிகளை நிறுவ முடியும். இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அந்தச் செயலிகளில் நீங்கள் 'டவுன்லோட்' பண்ணி வைத்திருப்பது பூட்டுப் போட்ட கோப்பு; அதை எடுத்து மெமரி கார்டில் போட்டால் சின்னப் பிளேயர் திரும்பியும் பார்க்காது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மாதக் கட்டணப் பாட்டுத்தான் உங்கள் முழு உலகம் என்றால் முதல் இரண்டு வகையும் உங்களுக்குச் சரிவராது. சொந்தமாக சீடியிலிருந்து எடுத்த, காசு கொடுத்துக் கோப்பாக வாங்கிய பாட்டு இருப்பவர்களுக்கு அவை தாராளம்.

பழைய ஐபொட் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். 2001இல் 5 ஜிபியோடு வந்த சாமானை ஆப்பிள் 2022 மேயில் அடியோடு நிறுத்திவிட்டது. இப்போது கைமாறித் திரிவதெல்லாம் பற்றரி களைத்துப்போனவை. கிளாசிக் வகை என்றால் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து கிழடாகியிருக்கும். திறந்து பற்றரி மாற்றி, டிஸ்க்குக்குப் பதில் கார்ட் பூட்டிப் பாவிக்கிறவர்கள் உண்டு, அழகான பொழுதுபோக்குத்தான், ஆனால் முதல் பிளேயராக வேண்டாம்.

கடையில் என்ன பார்ப்பது

கொழும்பில் தேடுவதென்றால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸா, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாஸா, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு, இந்த மூன்று இடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றலாம். 'எம்பி3 பிளேயர்' என்று மட்டும் கேட்டால் காருக்குப் பூட்டும் செட்டைத் தூக்கிக் காட்டுவார்கள், பொக்கெட்டில் போடுகிற சின்னது என்று கையாலும் காட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் நமக்கு இருக்கவே இருக்கிறது பழைய வழி: கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சித்தப்பா. அவரிடம் 'ஒரு நல்ல பிளேயர் வாங்கி வாங்கோ' என்று பொதுவாகச் சொன்னால் அவர் தனக்குப் பிடித்ததை வாங்கி வருவார். மொடல் பெயரை எழுத்துப் பிசகாமல் அனுப்புங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டு போங்கள். அதில் மூன்று கோப்புப் போதும். ஒன்று தமிழ் எழுத்தில் பெயர் வைத்த எம்பி3. இரண்டாவது ஃபிளாக். மூன்றாவது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிற கச்சேரியோ சொற்பொழிவோ. முதலாவதைத் திறந்தால் பல மலிவுப் பிளேயர்களில் பெயர் வெறும் கட்டம் கட்டமாக வரும். சிலதில் எழுத்து வரும், ஆனால் 'கொழும்பு' என்பதில் கொம்பு ஒரு பக்கம், 'க' ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும். மூன்றாவதை நடுவில் நிறுத்தி, பிளேயரை அணைத்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா, முதலிலிருந்தா? நீண்ட பயணத்துக்கு இது ஃபிளாக் பாடுவதைவிட முக்கியம். வவுனியாவில் தேநீருக்கு இறங்கி ஏறிய பிறகு, ராக ஆலாபனையின் நாற்பதாவது நிமிடத்தைப் பட்டனை அமர்த்திப் பிடித்துத் தேடிய எனக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். அடுத்த பாட்டு, நிறுத்து, சத்தம் கூட்டு குறை, இவ்வளவையும் பொக்கெட்டுக்குள் கைவிட்டே செய்ய வேண்டும். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறவனுக்குத் தொடுதிரை உதவாது. சத்தத்தைக் கூட்டும்போது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே பெரிய தாவல் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், இரவு பஸ்ஸில் ஒரு படி கேட்காது, அடுத்த படி காதைப் பிளக்கும். ஹோல்ட் சுவிட்ச் என்று பக்கத்தில் ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். (பஸ் ஹோல்ட்டைச் சொல்லவில்லை.) அதைத் தள்ளிவிட்டால் மற்றப் பட்டன்கள் உறங்கிவிடும், நெரிசலில் யாருடைய பையோ இடித்துப் பாட்டு மாறாது. சில பிளேயர்களில் தனி சுவிட்ச் இல்லாமல் ஏதாவது ஒரு பட்டனை நீட்டி அமர்த்த வேண்டியிருக்கும், அதுவும் பரவாயில்லை.

எஃப்எம் ரேடியோ இருந்தால் மேலதிக லாபம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: இந்தச் சின்னப் பிளேயர்களில் இயர்போன் வயர்தான் ஏரியல். வயர் குத்தாமல் ரேடியோ எடுக்காது, புளூடூத் இயர்பட்டோடு முயற்சி செய்துவிட்டுப் பிளேயர் பழுது என்று திருப்பிக் கொண்டு போகாதீர்கள்.

மெமரி கார்ட் என்ற கண்ணி

பிளேயரைவிட கார்டில்தான் மோசடி அதிகம். நான் ஒரு தடவை நடைபாதையில் 512 ஜிபி என்று எழுதிய கார்டை நம்பவே முடியாத விலைக்கு வாங்கினேன். நம்பியிருக்கக் கூடாது. முதல் சில நூறு பாட்டு அருமையாகப் பாடியது, அதற்குப் பிறகு ஏற்றியதெல்லாம் பெயர் இருக்கும், தட்டினால் ஒன்றும் இருக்காது. இப்படியான கார்டுகள் உள்ளே குறைந்த இடத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரிடம் பெரிய அளவைப் பொய் சொல்லும். இடம் முடிந்த பிறகும் 'ஏற்றியாச்சு' என்றே சொல்லும். எந்தக் கார்ட் வாங்கினாலும் பாட்டு ஏற்ற முதல் விண்டோஸில் எச்டூடெஸ்ட்டபிள்யூ (H2testw), மக்கிலோ லினக்ஸிலோ எஃப்3 என்ற இலவச நிரலால் முழுக் கார்டையும் எழுதி வாசித்துச் சோதியுங்கள். சில மணித்தியாலம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

அளவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு 2.4 எம்பி. நாலரை நிமிடப் பாட்டு 11 எம்பி வரும், 32 ஜிபி கார்டில் இரண்டாயிரத்து எண்ணூறு பாட்டுக்குக் கிட்ட அடங்கும். அதே பாட்டு சீடி தர ஃபிளாக்கில் 25 முதல் 35 எம்பி வரை போகும். ஆகவே அதே கார்டில் ஏறத்தாழ ஆயிரம் பாட்டு. பஸ்ஸுக்கு எம்பி3 போதும் என்பது என் கட்சி. ஃபிளாக்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் மூலப் பிரதியாக வைத்துக்கொண்டு அதிலிருந்து எம்பி3 எடுத்து ஏற்றுகிறேன். இன்னொன்று, 32 ஜிபி வரையான கார்டுகள் ஃபட்32 என்ற ஃபோர்மட் (கார்டில் கோப்புகளை அடுக்கும்) முறையிலும் 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபட் முறையிலும் வரும். பழைய, மலிவான பிளேயர்கள் பல எக்ஸ்ஃபட்டை வாசிக்காது. கார்டைப் போட்டதும் 'கார்ட் இல்லை' என்று திரையில் வந்தால் பயப்படாமல் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பிளேயரின் மெனுவிலேயே ஃபோர்மட் பண்ணும் வசதி இருந்தால் அதிலேயே செய்வது நல்லது.

பாட்டை அடுக்குவது

இதற்கு ஒரு சனிக்கிழமைப் பின்னேரத்தை ஒதுக்குங்கள். ஆயிரம் பாட்டை ஒரே கோப்புறைக்குள் கொட்டிவிட்டு, ஒன்றரை அங்குலத் திரையில் தேடினால் இரண்டாம் நாளே பிளேயர் வெறுத்துவிடும். நான் அடுக்குவது பாடகர் பெயரிலோ வருடத்திலோ இல்லை, பயணத்தின்படி. 'காலை பஸ்', 'பின்னேரம் பஸ்', 'யாழ் இரவு', 'மலைநாட்டு ரயில்', 'அம்மா வந்தால்' என்று கோப்புறைகள். இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டி முன்னால் 01, 02 என்று இலக்கம் போடுகிறேன், எந்த மலிவுப் பிளேயரிலும் ஒழுங்காகத் தெரியும். கோப்புகளுக்கும் அப்படியே. சில பிளேயர்கள் பெயர் வரிசையைப் பாராமல் நீங்கள் கார்டில் ஏற்றிய வரிசையிலேயே பாடும். அப்படியானால் கோப்புறையை வெறுமையாக்கி, ஒவ்வொன்றாக வரிசைப்படி திரும்ப ஏற்ற வேண்டும்.

பழைய சேகரிப்பு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விசேடத் தலைவலி உண்டு. முன்பு, ஆங்கில எழுத்துக்கே தமிழ் உருவம் கொடுக்கிற பாமினி எழுத்துருவில் தட்டிய பாட்டுப் பெயர்கள் பிளேயரில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எம்பி3டேக் என்ற நிரலில் திறந்து மொத்தமாகத் திருத்தலாம். நான் மூன்று இரவு இருந்து திருத்தினேன், பாதியில் விட்டும்விட்டேன்.

சத்த அளவையும் சமப்படுத்துங்கள். அறுபதுகளில் பதிவான பாட்டு மெதுவாக இருக்கும், அது கேட்கவில்லையென்று கூட்டி வைத்திருக்கும்போது அடுத்ததாகப் புதுப் படப் பாட்டு வந்து விழுந்தால் தூக்கம் மட்டுமா போகும். எம்பி3கெயின் என்ற இலவச நிரலில் எல்லாக் கோப்பையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். இந்த ஒரு வேலையால் என் பயணம் மாறிய அளவுக்கு எந்த விலை கூடிய இயர்போனாலும் மாறவில்லை.

வீட்டில் கசெட் கிடந்தால் அதையும் விடாதீர்கள். அந்தக் காலத்தில் றெக்கோடிங் பாரில் (பாட்டுப் பதிந்து தரும் கடை) தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கி வந்த கசெட்டுகள் அப்பாவிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வேலை செய்யும் கசெட் பிளேயரின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்குக் கொடுத்து, ஓடாசிட்டி நிரலில் பதிவு செய்தால் போதும். 90 நிமிடக் கசெட்டுக்கு முழுதாக 90 நிமிடமும் ஓட விட வேண்டும், குறுக்குவழி இல்லை. ஒன்றின் முடிவில் அப்பா யாரையோ 'கதவைச் சாத்து' என்று சொல்கிற குரல் பதிந்திருக்கிறது. நான் அதை வெட்டவில்லை.

காது

இயர்போனோடு மூன்று அளவில் ரப்பர் தருவார்கள். எல்லாரும் ஏற்கெனவே பூட்டியிருக்கும் நடு அளவையே பாவிப்பார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள், இடக் காதுக்கு ஒன்று வலக் காதுக்கு வேறொன்று பொருந்துவதும் சாதாரணம்தான். சரியாகப் பொருந்தினால் எஞ்சின் இரைச்சல் பாதியாகக் குறையும், அந்த அளவுக்குச் சத்தத்தைக் குறைக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் அதே வாரத்துக்கு வெறும் 4 மணித்தியாலம்தான். பத்து டெசிபல் கூடும்போது நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. பஸ் இரைச்சலை வெல்ல நாம் கூட்டுகிற சத்தம் இந்தப் பத்து டெசிபலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். என் வழி: இரவில் அமைதியான அறையில் வசதியாகக் கேட்கும் அளவை இலக்கத்தோடு பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் அதைவிட இரண்டு மூன்று படிக்கு மேல் போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் ரப்பர் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

வயரா புளூடூத்தா என்றால், நெரிசல் பஸ்ஸில் வயர் மற்றவர்களின் பையில் மாட்டும் என்பது உண்மை. சட்டைக்குள்ளால் விட்டுக் கழுத்தருகே வெளியே எடுத்தால் பிரச்சினை தீரும். புளூடூத் போட்டால் சின்னப் பிளேயரின் பற்றரி கெதியாக இறங்கும், இன்னொரு சாமானுக்கும் சார்ஜ் போட வேண்டும், போதாததற்கு இயர்பட் விழுந்தால் கோட்டை ஸ்டேஷன் மேடை இடுக்குத்தான் அதன் கடைசி இடம்.

இறங்க வேண்டிய ஹோல்ட்டுக்கு இரண்டு ஹோல்ட் முன்பே ஒரு காதைக் கழற்றுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரைக்குப் போக தண்டவாளத்தைக் கடக்கிறவர்கள் இரண்டு காதையும் கழற்றி, பிளேயரை நிறுத்திவிட்டே கடக்க வேண்டும். கடல் இரைச்சலே ரயில் வரும் சத்தத்தை அரைவாசி மூடிவிடும். இதில் விளையாட்டு வேண்டாம்.

சார்ஜும் பராமரிப்பும்

யூஎஸ்பி சி வகைத் துளை உள்ள மலிவுப் பிளேயர் சில, இரு பக்கமும் சி உள்ள புது வயரில் சார்ஜ் ஆகாது. பழுதில்லை, உள்ளே வைக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். ஒரு பக்கம் பழைய அகலத் தலையுள்ள வயரையும் சாதாரண சார்ஜரையும் பாவித்தால் சரியாகிவிடும். பயணத்துக்குப் போகும்போது அந்த வயர் பைக்குள் இருக்கிறதா பாருங்கள். கட்டுநாயக்க வழியாகப் பறக்கிறவர்கள் பவர் பேங்கைக் கையில் கொண்டு போகும் பைக்குள்தான் வைக்க வேண்டும், ஏற்றி விடும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. 100 வோட் மணி (Wh) வரை பொதுவாக விடுவார்கள், 10,000 எம்ஏஎச் என்பது 37 வோட் மணிதான்.

கொழும்பின் உப்புக் காற்றுக்கும் புழுக்கத்துக்கும் எதுவும் தப்பாது. இயர்போன் ஊசியை மாதத்துக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள், கறுத்துப்போனால் ஒரு பக்கம் கேட்காமல் போகும். ரப்பர் பூச்சுப் பூசிய வழவழப்பான பிளேயர் இரண்டு மூன்று வருடத்தில் பிசுபிசுவென்று கையில் ஒட்டத் தொடங்கும், ஐசோப்ரொப்பைல் அல்கஹோலால் தேய்த்துப் பூச்சையே எடுத்துவிடுவதுதான் வைத்தியம். வாங்கும்போதே உலோகமோ வெறும் பிளாஸ்டிக்கோ பார்த்து வாங்குங்கள். பாவிக்காமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். முற்றாக இறங்கிய லித்தியம் பற்றரி மாதக்கணக்காகக் கிடந்தால் பிறகு எழும்பாமலே போகலாம்.

கடைசியாக, கார்டில் உள்ளதன் பிரதி கம்ப்யூட்டரில் இருக்கட்டும். பிளேயரின் பின்பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் போன் இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள். போன வருடம் என்னுடையதை ஒரு த்ரீவீலில் விட்டுவிட்டேன். அன்றிரவே ஒரு அழைப்பு வந்தது, இலக்கத்தைப் பார்த்து அந்த த்ரீவீல்காரர்தான் எடுத்திருக்கிறார். சாமான் பத்திரமாக இருக்கிறது, நாளைக்குக் காலையில் ஸ்டாண்டுக்கு வந்து எடுங்கோ என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா தம்பி, இது பழுது போல இருக்கு, எந்தப் பட்டனை அமத்தினாலும் ஒண்டும் நடக்குதில்லை" என்றார். ஹோல்ட் சுவிட்ச் போட்டிருந்தது.